மல்லிகாவை யார் பிடிப்பது?

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. இன்று காலை ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் இருந்து என் அக்கா கலைவாணி போனில் சொன்னாள். அதை வாங்கி, திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, பில் போடும் கம்ப்யூட்டரிலேயே தட்டிக்கொண்டிருக்கிறேன். யாராவது அறை கேட்டு வந்தால் கதை நிற்கும். நின்ற இடத்தை அப்படியே விட்டுவைப்பேன், ஒட்டுப்போட மாட்டேன்.

அக்கா சொன்னது இவ்வளவுதான். அவள் வீட்டுப் பசு மல்லிகா விடியற்காலையில் இருந்து கத்துகிறது. தீவனத்தைத் தொடவில்லை, வாலுக்கடியில் கண்ணாடி போல வழும்பு தொங்குகிறது. பருவத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். இன்று சாயந்திரத்துக்குள் சினை ஊசி போட்டாக வேண்டும். வீட்டுக்காரரிடம், அதாவது என் மாமாவிடம், சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். ஆனால் அவர் ஊசிக்காரரைக் கூப்பிடுவார் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை. கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்வரை வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"மத்தியானமா நீ அவருக்கு ஒரு போன் போட்றா சந்துரு. திட்டாத. கூப்ட்டியா இல்லியான்னு மட்டும் கேளு," என்றாள்.

இந்த முறையும் சினை நிற்காவிட்டால் மல்லிகாவை விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது. பால் வற்றி மாதக்கணக்காகிறது. மாட்டுத் தரகர் சிட்டிபாபு ஒருமுறை வந்து பார்த்துவிட்டும் போய்விட்டார். பாலும் இல்லாமல் சினையும் பிடிக்காத மாட்டை டெம்போவில் ஏற்றினால் அது இன்னொருவர் வீட்டுக் கொட்டகைக்குப் போகாது என்பது எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். கம்பெனியில் சேர்ந்து அவள் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரே பொருள் அந்தப் பசுதான். "அது பூட்ச்சுன்னா இந்த வூட்ல என்னிதுன்னு சொல்ல ஒண்ணும் இல்லடா" என்று ஒருதரம் சொல்லியிருக்கிறாள்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

சத்தியவேட்டுக்குத் தெற்கே, இரண்டு மாநிலங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் ஒரு கிராமத்தில், அடங்காத ஒரு பசுவின் அலறலில் ஒரு பெண்ணின் உள்ளே புதைந்துகிடந்த

(விட்டுவிட்டேன். அங்கே யாரும் முறைத்துக்கொள்வதில்லை. தமிழில் டீ கேட்டுவிட்டுத் தெலுங்கில் அரசியல் பேசுகிறார்கள். பெண்ணின் உள்ளே என்ன புதைந்துகிடந்தது என்பதும் எனக்குத் தெரியாது. முன்பு ஒருமுறை இந்த மாதிரி எழுதி அக்காவுக்குப் படித்துக்காட்டினேன். "மாட்டுக்கு வர்றது மாட்டுக்குத்தான வருது, அதுல இன்னாத்துக்கு என்ன இழுக்கற" என்று கேட்டாள். அன்றோடு உவமையைக் குறைத்துக்கொண்டேன்.)

இரண்டாவது ஆரம்பம்:

துலுக்காணம் குடித்துவிட்டு வந்து, கட்டிக்கிடந்த மாட்டை

(இதுவும் ஆகாது. துலுக்காணம்தான் என் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். அவர் குடிப்பதில்லை. அக்கா விடியலில் பஸ் ஏறிவிடுவதால் மகளுக்குத் தலைவாரிப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்புவது அவர்தான். கதைக்கு வில்லன் வேண்டும் என்பதற்காக அவர் கையில் பாட்டிலைக் கொடுத்தால் எனக்கே சோறு இறங்காது. நல்ல மனிதர்களை வைத்துக்கொண்டு கதை எழுதுவது பெரிய தொல்லை.)

ராஜமுந்திரியில் இருந்து ஒரு குடும்பம். வெந்நீர் வருமா, லிப்ட் வேலை செய்யுமா. இரண்டும் உண்டு என்றேன்.

3

கதையைத் தள்ளிவைத்துவிட்டுக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மாடு வளர்க்காத வாசகர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சினை பிடிக்காத பசு சுமாராக மூன்று வாரத்துக்கு ஒருதரம் பருவத்துக்கு வரும். வந்தால் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் ஆடும். கத்தும், முளைக்குச்சியைப் பிடுங்கும், பக்கத்து மாட்டின் மேல் ஏறும். காலையில் கத்த ஆரம்பித்தால் சாயந்திரம் ஊசி போட வேண்டும். அடங்கிய பிறகு போடுகிற ஊசி வீண்.

மல்லிகாவின் ஆட்டம் மற்ற மாடுகளைவிட ஒரு பங்கு அதிகம். அக்காவிடம் அதற்கு வழி இருந்தது. மற்ற மாடுகளை அந்தப் பக்கம் விடமாட்டாள். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, மாட்டின் முகத்துக்கு நேரே நின்று, தாடைக்கடியில் சொறிந்துகொண்டே ஏதாவது பேசுவாள். முதுகைக் காட்டிக் குனியமாட்டாள். அடிக்கவே மாட்டாள். என்ன பேசுவாய் என்று கேட்டதற்கு, கம்பெனியில் சூப்பர்வைசர் சொன்னதையெல்லாம் சொல்வேன் என்றாள்.

அக்கா வீட்டில் இருந்தால் பிரச்சினை இல்லை. மல்லிகாவுக்கு வார லீவு தெரியாதே.

4

மாமாவை நான் சரியாக எழுத வேண்டும். இங்கேதான் கை தயங்குகிறது.

போன வருஷம் அவர் தொட்டியில் தண்ணீர் ஊற்றக் குனிந்திருந்தார். மல்லிகாவுக்கு அன்று பருவம். பக்கத்தில் வேறு மாடு இல்லை. முன்னங்கால் இரண்டையும் தூக்கி அவர் முதுகில் போட்டுவிட்டது. அவர் தொட்டி விளிம்பில் விழுந்து காறை எலும்பு உடைந்தது. கட்டுப் போட்டு, எலும்பு கூடிவிட்டது.

கூடாதது வேறு. பால் ஊற்றுகிற இடத்தில் ஆட்கள் அவரை "மல்லிகா புருஷன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கலைவாணிக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்றார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது சின்னப் பையன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான்.

(இந்த இடத்தை இன்னும் வேடிக்கையாக எழுதலாம். மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. அழித்துவிட்டேன். ஊர் சிரித்தது போதும்.)

5

அதற்குப் பிறகு மூன்று தடவை ஊசி போட்டார்கள். மூன்றும் நிற்கவில்லை. ஊசிக்காரர் நரசிம்மன் பைக்கில் உறைவிந்துச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வருகிறவர். முதல் இரண்டு தடவையும் மாட்டைச் சோதித்துவிட்டு, நேற்றே கூப்பிட்டிருக்க வேண்டும் என்று தெலுங்கில் சலித்துக்கொண்டார். மாமா இரண்டு தடவையும் இன்று காலையில்தான் கத்தியது என்று சத்தியம் செய்தார்.

போன மாதம் கம்பெனி பஸ் பாதி வழியில் நின்றுபோய் அக்கா வீட்டுக்குத் திரும்பினாள். கொட்டகையில் மல்லிகா இல்லை. தேடிப் போனால், ஊருக்குச் சத்தம் கேட்காத தூரத்தில், மாந்தோப்பு போர்வெல் பக்கம் கட்டிக்கிடந்து கத்திக்கொண்டிருந்தது. மாமா வரப்பில் தள்ளி உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டாள்.

"அடங்கட்டும்னு கீறேன். அடங்கின பின்னால கூப்ட்டா ஈஸியா போட்டுக்கலாம்," என்றார்.

இதில் அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் தன்னை நம்பவைத்திருந்தார். ஆடுகிற மாட்டைவிட அமைதியான மாட்டுக்கு ஊசி போடுவது நல்லது என்று கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். அக்கா அப்போதே நரசிம்மனுக்குப் போன் செய்தாள். அவர் வேறு ஊரில் இருந்தார், மறுநாள்தான் வந்தார். அதுதான் நிற்காத மூன்றாவது ஊசி.

பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கூப்பிட்டால் வருவார்கள். சிரித்துக்கொண்டே வருவார்கள்.

அக்கா அன்றும் சண்டை போடவில்லை. என்னிடம் மட்டும், "அவருக்கு பயம்டா. நேரா சொன்னா அந்த மனுஷன் தாங்கமாட்டாரு," என்றாள். அதனால் அந்த வீட்டில் பயம் என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. மாடு சரியில்லை என்கிறார்கள், ஊசி சரியில்லை என்கிறார்கள், வெயில் என்கிறார்கள்.

நான் மாமாவுக்கு இன்னும் போன் செய்யாததற்கும் இதுதான் காரணம். கூப்பிட்டாயா என்று நான் கேட்டால், எனக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்துகொண்டு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

6

மத்தியானம் ஆகிவிட்டது. முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு: மாமா கூப்பிடவில்லை. சிட்டிபாபுவின் டெம்போ வருகிறது. அக்கா ஷிப்ட் முடிந்து வந்து வெறும் முளைக்குச்சியைப் பார்க்கிறாள். (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எழுதவும் சுலபம். ஆனால் அந்த முளைக்குச்சி முன்னால் நிற்கப்போவது என் அக்கா.)

இரண்டாவது முடிவு: மாமாவுக்குத் திடீரென்று வீரம் வருகிறது. ஒரே ஊசியில் சினை நிற்கிறது, கிடாரிக் கன்று பிறக்கிறது. (வீரம் அப்படி வருமா? வந்தாலும், எல்லாம் சரியாகச் செய்தும் நிற்காமல் போகிற மாடுகள் எத்தனையோ உண்டு என்று நரசிம்மனே சொல்வார்.)

மூன்றாவது முடிவு: அக்கா பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வீட்டுக்கு ஓடுகிறாள். (ஒப்பந்த வேலை. சொல்லாமல் இறங்கினால் மறுநாள் கேட்டில் விடமாட்டார்கள். அதோடு, ஒவ்வொரு தடவையும் அவளே ஏன் இறங்க வேண்டும்? இந்தக் கேள்வி வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மாமா மேலும் இல்லை.)

நான்காவது முடிவு: எழுத்தாளனான தம்பி

7

போன் வந்ததால் மேலே உள்ள வாக்கியம் நின்றுவிட்டது.

மாமாதான். எடுத்ததும் முதலில் கேட்டது மல்லிகாவின் குரல். காதுக்குள்ளேயே கத்துவது போல அவ்வளவு பக்கத்தில்.

"வேலையா கீறியா மச்சான்?" என்றார். இல்லை என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நரசிம்மனைக் கூப்பிட்டுவிட்டாராம். அவரும் பைக்கில் வந்துகொண்டிருக்கிறாராம். மாமா மாட்டைக் கொட்டகைக் கம்பத்தோடு குட்டையாகக் கட்டி, கயிற்று முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். வேறு யாரையும் கூப்பிடவில்லையாம். இதையெல்லாம் வேகமாகச் சொன்னார். மல்லிகா மறுபடி கத்தியது.

"மச்சான்," என்றார். "பயமா கீது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கயித்த வுட்டுட்டுப் பூடுவேன் போல கீது. போன சொக்கா பையில போட்டுக்கினு கீறேன். அவரு வர்ற வரைக்கும் எதுனா பேசிக்கினே இரு."

இத்தனை வருஷம் எழுதியதில் இந்த நிமிஷத்துக்கு உதவுகிற ஒரு வாக்கியம்கூட என்னிடம் இல்லை. ஆதார் கார்டுக்காரர்களைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டேன். தட்டிக்கொண்டே பேச எனக்கு வராது.

நரசிம்மன் வந்து சேர்வாரா, அதுவரை கயிறு கையில் இருக்குமா, மூன்று வாரம் கழித்து மல்லிகா மறுபடி கத்துமா என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் விருப்பப்படி எழுதுங்கள். எனக்கு நேரமில்லை.

"மாமா, கேக்குதா? குனியாத. மூஞ்சிக்கு நேரா நில்லு. நான் லைன்லதான் கீறேன்."