ஏற்றுமதித் தரம்

கெங் பாவோலின் எந்த வெள்ளைக்காரனையும் நம்பியதில்லை. உள்ளூர்க்காரனையும் நம்பியதில்லை என்பதால் இதில் ஓரவஞ்சனை எதுவும் கிடையாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை லெஹ்னர் என்ற ஆஸ்திரிய இன்ஜினியரை ரயில் நிலையத்திலிருந்து காரில் ஏற்றி வருவது அவர் வேலை. தாவ் முதலாளியின் ஆலையில் கொதிகலன் செய்தார்கள். லெஹ்னர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது கப்பலேறும். ஒரு ஊரில் பம்பு, அடுத்த ஊரில் வால்வு, அதற்கடுத்த ஊரில் கொதிகலன் என்று அவன் பிழைப்பு முழுக்க ரயிலிலும் விடுதியிலும்தான். விடுதிக் குழாய்த் தண்ணீரில் பல்கூட விளக்க மாட்டான். பையில் கறுத்த ரொட்டி ஒன்று துணியில் சுற்றிக் கிடக்கும். காரில் ஏறியதும் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி, தெரிந்த சீனத்தில் பேச்சுக் கொடுப்பான்.

“கெங் மேஸ்திரி, இன்னிக்கும் விருந்து உண்டா?”

“உண்டு. முதலாளி புதுச் சாராயம் எறக்கி வச்சிருக்கார்.”

“என் குடல் பாவம்.”

“உங்க குடலுக்கா ஊத்துறாங்க? கண்ணுக்கு ஊத்துறாங்க.”

லெஹ்னர் சிரித்தான். கெங் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த ஆலை அரசாங்கத்திடம் இருந்த காலத்திலேயே அவர் அங்கே வெல்டர். இருபத்தாறு வருடம் புகை குடித்து நெஞ்சு கெட்டுப்போனதும் காரைக் கொடுத்தார்கள். வெல்டராக இருந்தபோது ஒருமுறை சாயப்பட்டறைக் கொதிகலன் வெடித்தது. அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்ட ஃபூ என்பவன் அதன் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் உடம்பில் கிடைத்ததை ஒரு வாளியில் அள்ளினார்கள். வாளியைப் பிடித்தவர் கெங்.

இந்த முறை எட்டுக் கொதிகலன்கள். புத்தாண்டுக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில் வெல்டர்கள் மழையில் நனைந்த வெல்டிங் ராடைக் காயவைக்காமலே போட்டு ஒட்டியிருந்தார்கள். ஈர ராடு போட்டால் ஜாயிண்ட் வெளியே பளபளக்கும். உள்ளே குமிழ் குமிழாய் ஓட்டை விழும். முதலாளிக்கு அது தெரியும். அதனால்தான் கெங்கைக் கூப்பிட்டு, “மேஸ்திரி, மூணாம் நம்பர் ஜாயிண்டை மட்டும் வெட்டிட்டு உங்க கையால புதுசாப் போட்டுக் குடுங்க” என்றார். கை ஊறலெடுத்ததால் கெங்கும் போட்டார். எதற்கென்று கேட்கவில்லை. அந்த ஒரே ஜாயிண்டை எட்டுத் தடவை எக்ஸ்ரே எடுத்து, எட்டு நம்பர் ஒட்டிவிட்டார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

விருந்துக்கு மறுநாள் காலை லெஹ்னர் தலையைப் பிடித்துக்கொண்டு நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தான். ஒன்பது மணிக்குக் கையெழுத்து. எக்ஸ்ரே உறை மேசைமேல் இருந்தது.

“படத்தைப் பாத்தீங்களா?” என்றார் கெங்.

“பாத்தேன். எட்டும் சுத்தம். ரொம்ப அழகு ஜாயிண்ட்.”

“அழகுதான். நான் போட்டது.”

“எட்டுமா?”

“ஒண்ணு.”

சோயாப் பால் கிண்ணம் லெஹ்னரின் வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது.

“ஒண்ணு மேல ஒண்ணா வச்சு ஜன்னல்ல பிடிங்க. ராடு மாத்துற எடத்துல எனக்கு இருமல் வந்துச்சு. கை ஒரு நூல் மேல ஏறிடுச்சு. அங்க ஒரு மேடு இருக்கும்.”

லெஹ்னர் இரண்டு படங்களைப் பிடித்தான். பிறகு நாலு. பிறகு ஒவ்வொன்றாக எட்டும். மேடு நகரவே இல்லை.

“எட்டு வெல்டரும் ஒரே எடத்துல இருமுவானா?” என்று கேட்டுவிட்டுக் கெங் நூடுல்ஸில் வினிகர் ஊற்றிக்கொண்டார்.

“ஏன் என்கிட்ட சொல்றீங்க? உங்க வேலை போயிடும்.”

“நான் வாளி பிடிச்சவன். மீதி ஏழையும் வெட்டிப் போடணும். யார் தலைமேலயும் அது எரியக் கூடாது.”

“வெட்ட வைக்கிறேன். உங்க பேர் வராது.”

பேர் வரவில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். லெஹ்னர் விளக்குப் பெட்டியில் எட்டுப் படத்தையும் அடுக்கிக் காட்டியபோது தாவ் முதலாளி எக்ஸ்ரேக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினார். சாயங்காலம் அவனோடுதான் சீட்டாடினார். மூன்றாம் நம்பர் கப்பலேறியது. மற்ற ஏழின் மேலும் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டு, வெட்டிவிடுவதாக முதலாளி எழுதிக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழிந்தது. கெங்கின் மனைவி ஷ்யூச்சின் பொதுக் குளியல் கூடத்தில் துண்டு எடுத்துக் கொடுக்கிறவள். ஒருநாள் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தாள்.

“யோவ் கெழவா, இன்னிக்காவது வந்து முதுகு தேச்சுக்க. புது பாய்லர் வந்திருக்கு. வெளிநாட்டுக்குன்னே செஞ்சதாம்!”

அந்த ஊரில் வெளிநாட்டுக்குச் செய்த பொருள் என்றால் சட்டையானாலும் மீன் டப்பாவானாலும் ஜனம் வாயைப் பிளக்கும். வெள்ளைக்காரன் நூல் பிசிறுக்கெல்லாம் திருப்பி அனுப்புவான், நமக்கு அதிர்ஷ்டம் என்பார்கள். கூடத்து வாசலில் சிவப்புத் துணி தொங்கியது: ‘ஏற்றுமதித் தரக் கொதிகலன்’. குழந்தை குட்டியோடு கூட்டம் வரிசை கட்டி நின்றது.

கெங் பின்பக்கம் போனார். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் சிவப்புக் குறியின் நுனி தெரிந்தது. தகட்டில் நம்பர் ஐந்து.

“வெடிச்சிடும். அணைங்க” என்றார் கூடத்து மேலாளர் ஷுவேயிடம்.

“பரிசோதனை ஆபீஸ் முத்திரை இருக்கு மேஸ்திரி. உங்ககிட்ட என்ன இருக்கு?”

“கை இருக்கு. அதுக்குத் தெரியும்.”

“அந்தக் கையைச் சுடுதண்ணியில கழுவிட்டுக் கெளம்புங்க.”

வீட்டிலும் அதே கதைதான். “அந்த வேலைக்குப் போகாதே” என்றதற்கு ஷ்யூச்சின் தலையில் அடித்துக்கொண்டாள். “கல்யாணத்துக்கு எங்கப்பன் குடுத்த சைக்கிளையே கழட்டிப் பாத்த ஆளு நீ! உனக்கு எவன் மேலதான் நம்பிக்கை வந்திருக்கு?”

ஒருத்தன் மேல் வந்திருந்தது. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்ட வைக்கிறேன் என்றவன் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மே மாதம் லெஹ்னர் வந்தான். ஷூவைக் கழற்றினான், காலை நீட்டினான்.

“அந்த ஏழையும் வெட்டியாச்சா?” என்று கேட்டார் கெங்.

“ஆச்சே. ஏழு போட்டோ அனுப்பினாங்க. ஃபைல்ல இருக்கு.”

“எடுங்க.”

காரை ஓரமாக நிறுத்திவிட்டு வாங்கிப் பார்த்தார். வெட்டுண்ட கொதிகலன் ஏழு. சாக்கட்டியில் ஏழு வேறு வேறு நம்பர். ஏழிலும் பின்சுவரில் அதே துடைப்பம், அதே சாய்வில்.

“இதை ஒண்ணு மேல ஒண்ணா வச்சுப் பாக்கலையா?”

லெஹ்னர் பார்த்தான். காது சிவந்துவிட்டது.

“எங்க ஊருக்கு வர்றதுக்குத்தான் நான் பொறுப்பு மேஸ்திரி. இங்க தங்குறதை உங்க அரசாங்கம்தான் பாக்கணும்.”

“அஞ்சாம் நம்பர் பக்கத்துல என் பொண்டாட்டி நிக்கிறா.”

லெஹ்னர் குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டான். ஆலை வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அன்றைய விருந்தில் யாரும் வற்புறுத்தாமலே குடித்தான்.

திங்கட்கிழமை குளியல் கூடத்துக்கு விடுமுறை. நெருப்பு இருக்காது, தண்ணீரை வடித்திருப்பார்கள். கெங் ஆலையின் கேஸ் கட்டரை ஆலையின் காரிலேயே ஏற்றிக்கொண்டு பட்டப்பகலில் போய், ஐந்தாம் நம்பரின் ஜாயிண்டை ஒரு முழம் அறுத்து எடுத்தார். உள்ளே புழு தின்ற மரம்போல இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு போலீஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தார். வந்ததும் காட்டினார். அவர்கள் அதைச் சேதப்படுத்தப்பட்ட பொருள் என்று எழுதி, சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதினைந்து நாள் உள்ளே இருந்தார். வேலை போய்விட்டது. வெளியே வந்தபோது ஷ்யூச்சின் வாசலில் நின்றாள். மேலாளரின் காலைப் பிடித்துத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டதாகச் சொன்னாள். கூடத்தைத் தாண்டும்போது புகைபோக்கியில் புகை போனது. வாசலில் வரிசை. சிவப்புத் துணி மட்டும் புதிது.

“தண்ணி எப்படிச் சுடுது?” என்றார் கெங்.

“தாவ் முதலாளி பெரிய மனுஷன். நீ கெடுத்ததுக்குப் பதிலா சும்மாவே வேற ஒண்ணு குடுத்துட்டார்.”

“என்ன நம்பர்?”

“புத்தி இன்னும் நம்பர்லயே நிக்குது பாரு. ஆறு.”

அவளுக்கு வேலை நேரம் ஆகிவிட்டது. வீட்டுச் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு, வரிசையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.