பெட்டியின் மேல் ஒரு பெயர்

மினசோட்டாவின் அந்தச் சிறு ஊரில் சனிக்கிழமை காலை வந்துவிட்டால் தபால் நிலையத் தெரு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் 'ஈராக் போரை நிறுத்துங்கள்' என்ற அட்டைகளோடு நாலைந்து பேர் வாய் திறக்காமல் நிற்பார்கள். எதிர்ப் பக்கம் பழைய சிப்பாய்கள் கொடியோடு நிற்பார்கள். ஆரின் ஹாகன் கொடிக்காரர். வியட்நாமில் சண்டை போட்டுத் திரும்பியவர். அவருடைய மகள் மாரிட் இப்போது ஈராக்கில் ராணுவ லாரி ஓட்டுகிறாள்.

சில வாரங்களாக ஒரு விஷயம் அவரைக் குடைந்துகொண்டிருந்தது. அட்டைக்காரர்களில் லவான் ட்வெட்டன் என்றொரு அம்மாள். ஆரின் போகும் லூத்தரன் தேவாலயம் இல்லை, ஊரின் இன்னொரு லூத்தரன் தேவாலயத்தைச் சேர்ந்தவர். நின்று முடித்ததும் காரிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குள் போவார். கொஞ்ச நேரத்தில் அதே பெட்டியோடு வெளியே வருவார். மறுவாரமும் அதே கதை. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று, பக்கத்தில் கொடியோடு நிற்கும் நண்பர் டெல்மரிடம் ஆரின் கேட்டார்.

"நம்ம தலையில போடக் கல்லு சேக்குது போல," என்றார் டெல்மர்.

அன்று பெட்டி மறுபடியும் திரும்பி வந்ததும் ஆரினுக்குப் பொறுக்கவில்லை. தெருவைக் கடந்தார். கட்சி மாறிவிட்டாயா என்று டெல்மர் பின்னாலிருந்து கேட்டது காதில் விழுந்தது.

லவான் ஒளிக்கவில்லை. பெட்டி சிப்பாய்களுக்குத்தான். ஆனால் 'யாராவது ஒரு சிப்பாய்க்கு' என்று எழுதினால் தபால் நிலையத்தில் வாங்குவதில்லை. பெயர் வேண்டும் என்கிறார்கள். அவருக்குத் தெரிந்து ராணுவத்தில் யாரும் இல்லை. பிள்ளையை அனுப்பியவர்களைக் கேட்டால், அட்டை பிடிக்கிற கைக்குப் பெயரைக் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

"போர் வேணாங்கிறீங்க. அப்புறம் சிப்பாய்க்கு எதுக்குப் பெட்டி?"

"அந்தப் பிள்ளைங்க சீக்கிரம் வீடு திரும்பணும்னுதானே நிக்கறேன். வர்ற வரைக்கும் பசிக்காதா?"

ஆரின் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். இஞ்சி பிஸ்கட், அதை ஒட்டியே வாசனைச் சோப்பு. ஒரு பிஸ்கட்டைக் கடித்தவர், அதில் சோப்பு மணக்கவே சிரித்துவிட்டார்.

"எங்க அத்தையும் வியட்நாமுக்கு இப்படித்தான் அனுப்பினாங்க. எங்க கூடாரமே சோப்பு ஏப்பம் விட்டுச்சு."

லவானும் ஒன்றைக் கடித்துப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து சோப்பை எல்லாம் வெளியே எடுத்தார்கள்.

மகளின் பெயர் ஆரினின் நாக்கு நுனி வரை வந்து நின்றது. குண்டு புதைத்த சாலையில் லாரி ஓட்டுகிறவளுக்கு, நீ செய்வது தப்பு என்று ஒரு கடிதம் போனால் அவள் மனசு என்ன ஆகும்?

"கடிதத்துல போரைப் பத்தி எழுதுவீங்களா?"

லவான் யோசித்தார். "நானா எழுத மாட்டேன். ஆனா அவங்களே கேட்டா, பொய் சொல்ல மாட்டேன்."

எழுதவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தால் ஆரின் அதை நம்பாமல் எழுந்து போயிருப்பார். இப்போது பேனாவை எடுத்து, மகளின் பெயரையும் மனப்பாடமாக இருந்த முகவரியையும் பெட்டியின் மேல் எழுதினார். ஹாகன் என்ற குடும்பப் பெயரைப் படித்த லவான், அது அவர் மகள் என்று புரிந்து அவர் கையைத் தொட்டார். பிறகு, கம்பளிக் காலுறையும் வைக்கலாம், மகளுக்குக் கால் அளவு என்ன என்று கேட்டார். ஆரினுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மாரிட்டின் அழைப்பு வந்தது. அளவைக் கேட்டார், எதற்கு என்று அவள் கேட்டாள். மறைக்க மனம் வராமல் அட்டைக்கார அம்மாளைப் பற்றி எல்லாம் சொன்னார். 

"எட்டரைப்பா," என்றாள் மாரிட். "அப்புறம், அவங்க எதுக்காக அங்க நிக்கறாங்கன்னு எனக்கு எழுதச் சொல்லுங்க. உள்ளதை உள்ளபடி. இங்க யாருகிட்டயும் அதைக் கேக்க முடியல."

அடுத்த சனிக்கிழமை, கால் அளவையா, மகள் கேட்ட கடிதத்தையா, இரண்டில் எதை முதலில் சொல்வது என்று யோசித்தபடியே ஆரின் கொடியை டெல்மரிடம் கொடுத்துவிட்டுத் தெருவைக் கடந்தார்.