நூல் பிடித்த சக்கரங்கள்

உலகத்தின் கோணல்களை நிமிர்த்துவதற்கென்றே நூற்றாண்டுக்கு ஒருவர் பிறக்கிறார். இந்த நூற்றாண்டுக்கானவர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பத்து பாகாட் நகரில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தார். அவருடைய பதினான்கு வயதுக் கார்தான், ஸ்டீயரிங்கில் பிடி தளர்ந்தால் இடப்பக்கச் சாக்கடையைப் பார்த்துப் போனது.

காளியப்பன் துணி ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் வெட்டுப் பிரிவு மேற்பார்வையாளர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் துணியைக் கட்டோடு திருப்பி அனுப்பியவர். எட்டு மாதங்களுக்கு முன் ஆலை அவரையே திருப்பி அனுப்பிவிட்டது. அதன்பிறகு பதினொரு விண்ணப்பங்கள். பதில் வந்தது ஒரே இடத்திலிருந்து: கிளினிக்குகளுக்கு மருந்து கொண்டுபோகும் நிறுவனம். சொந்தக் கார் வேண்டும். மறுநாள் காலை ஓட்டிக் காட்ட வேண்டும்.

“டயர் கடையில விட்டா அரை மணி நேரத்துல சக்கரத்த நேராக்கி அலைன்மென்ட் பண்ணித் தந்துருவான்” என்றாள் மனைவி ரூபினி.

“அவன் கம்ப்யூட்டர நம்புறான். நான் கண்ண நம்புறேன்.”

காரின் இரு பக்கமும் நூல் கட்டினார். நூலுக்கும் முன்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை விளிம்பின் முன்னும் பின்னும் அளந்தார். ஜேக் வைத்துத் தூக்கினார். சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நட்டைத் தளர்த்தி, முறுக்கி, இறக்கினார். பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநர் ஜெயபாலன் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எறக்கின கையோட அளக்காதீங்க. முன்ன பின்ன ரெண்டு தடவ தள்ளுங்க. அப்பத்தான் சக்கரம் ஒழுங்கா உக்காரும்லா.”

காளியப்பனுக்கு அது தெரியும். வீடியோவில் மூன்று முறை பார்த்திருந்தார். ஆனால் அவர் காருக்கடியில் படுத்திருந்தபோதே ரூபினி கோயிலிலிருந்து வந்து, குங்குமம் தடவிய நான்கு எலுமிச்சம்பழங்களை நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் வைத்துவிட்டிருந்தாள்.

“காலையில ஏழு பத்துக்குத்தான் ஏத்தணும்னு ஐயர் சொல்லியிருக்காரு. அதுக்கு முன்ன நசுங்கக்கூடாது.”

“எடுத்துட்டுத் திரும்ப வையேன்.”

“வெச்சத எடுக்கிறதா?”

“பின்னாலயாவது தள்ளுங்க அண்ணே” என்றார் ஜெயபாலன்.

பின்னால் நான்கு விரல் இடைவெளியில் சுவர்.

காளியப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். எட்டு மாதங்களில் ஜொகூரில் அவள் விளக்கேற்றாத கோயில் இல்லை. அவளுக்கு மிச்சமிருந்தது அந்த நான்கு பழங்கள்தான். குனிந்து அளந்தார். முன்னும் பின்னும் ஒரே அளவு, மயிரிழை பிசகில்லை.

“நூல் பிடிச்ச மாதிரி இருக்கு” என்று அறிவித்தார்.

“எலுமிச்சம்பழத்த அளந்தீங்களா, டயர அளந்தீங்களா?” என்றபடி ஜெயபாலன் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஏழு பத்துக்கு நான்கு பழங்களும் முறைப்படி நசுங்கின. சக்கரங்கள் அப்போதுதான் தங்கள் உண்மையான இடத்தில் உட்கார்ந்தன. முச்சந்திக்குப் போவதற்குள் கார் புது ஞானம் பெற்று வலப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நேராகப் போக ஸ்டீயரிங்கைக் கால்வாசி இடப்பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. டயர் கடை திறக்க ஒன்பது மணியாகும். சோதனை எட்டரைக்கு.

நிறுவனத்தின் மேலாளர் லோஷினிக்குக் காளியப்பனின் வயதில் பாதிகூட இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, ஆளில்லாத நேர்சாலைக்கு வந்ததும் சொன்னாள்:

“அங்கிள், கொஞ்சம் கைய எடுங்க.”

அவர் எடுக்கவில்லை. அவள் காத்திருந்தாள். எடுத்தார். கார் கோட்டைத் தாண்டியது. எதிரே தூரத்தில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக்குலை ஏற்றிப்போகும் லாரி ஒன்று ஹார்ன் அடித்தது. அவர் பிடித்துத் திருப்பினார்.

“பழைய கார்லா, அதான்” என்றார்.

“பரவால்ல அங்கிள். நாங்க கூப்பிடுறோம்.”

அந்த வாக்கியம் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆலையில் வேலை கேட்டு வந்தவர்களிடம் இருபத்தாறு ஆண்டுகள் அவர் சொன்னது அதுதான். திரும்பும் வழி முழுக்க இரு கைகளாலும் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாலையை மட்டும் பார்த்தார். லோஷினி மடியிலிருந்த விண்ணப்பப் படிவத்தைப் புரட்டினாள்.

‘பிற திறன்கள்’ என்ற கட்டத்தில் ‘கார் சக்கர அலைன்மென்ட்’ என்று எழுதியிருந்தது.