இஸ்திரி அறையில் இங்கிலீஷ் வகுப்பு

அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் பதினோரு பெண்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்க வந்த டீச்சருக்கு, மூன்றாவது வாரமே எரிச்சல் வர ஆரம்பித்துவிட்டது. காரணம் சூப்பர்வைசர். மதியம் இரண்டு மணிக்கு இஸ்திரி மேஜைகளை ஓரம் தள்ளி வகுப்பைத் தொடங்கினால், அந்த ஆளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். யாராவது வாயைத் திறந்தால் போதும், அதே மாதிரி இழுத்து இழுத்துப் பேசிக் காட்டிச் சிரிப்பான். நோட்டில் முத்து முத்தாக எழுதிய பெண்கள் பேசச் சொன்னால் தரையைப் பார்த்தார்கள். மேனேஜரோ, "என்ன டீச்சர், ஒண்ணும் தேறலையே?" என்று இவளைக் குடைந்தார்.

அன்று பட்டன் அக்காவின் முறை. விருந்தாளிகளின் சட்டைகளுக்குப் பித்தான் தைப்பவள் என்பதால் அந்தப் பெயர்.

"எஸ்டர்டே ஐ கோ..."

"வென்ட்," என்றாள் டீச்சர்.

"ஐ வென்ட் டாக்டர்..."

"டு தி டாக்டர்."

"ஐ வென்ட்டு... ட்டு..."

"தள்ளுங்கப்பா, வண்டி ஸ்டார்ட் ஆகல!" என்று சூப்பர்வைசர் சிரித்தான்.

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. "எழுந்து வெளிய போங்க சார்."

"இது என் செக்‌ஷன்மா."

"மூணு மணி வரைக்கும் என் வகுப்பு. நீங்க இருந்தா நான் நடத்த மாட்டேன். மேனேஜர்கிட்டயும் இதையேதான் சொல்லுவேன்."

டீச்சர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றாள். அவன் முணுமுணுத்தபடி போனான்.

"இப்ப பயப்படாம சொல்லுங்க அக்கா."

பட்டன் அக்காவின் முகம் சிவந்திருந்தது. "ஹி லாஃப். ஹி பேட். யூ ஆல்சோ பேட்! ஐ ஸே ஒன் வேர்ட், யூ ஸே ராங். ஐ ஸே டூ வேர்ட், ராங். மை டாட்டர் சிக். த்ரீ டே! ஐ வான்ட் டெல். நோபடி லிசன்!"

டீச்சருக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. 'டே இல்லை, டேஸ்' என்று நுனி நாக்குவரை வந்ததை நினைத்து அவளுக்கே தன்மேல் ஆத்திரம் பொங்கியது. அவனாவது சிரித்ததோடு விட்டான், நான் நிம்மதியாகப் பேசவே விடவில்லையே!

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "வாட் ஹேப்பண்ட் டு யுவர் டாட்டர்?" என்று கேட்டாள். அக்கா தப்பும் தவறுமாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். காய்ச்சல், வாந்தி, லீவு தர மறுத்த சூப்பர்வைசர். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டு அவனை இங்கிலீஷில் வறுத்தெடுத்தார்கள்.

மறுநாள் டீச்சர் போய்ச் சொன்னதும் மேனேஜர் அரை மனதோடு, சூப்பர்வைசர் இனி வகுப்புக்கு வரமாட்டான் என்று ஒப்புக்கொண்டார். பட்டன் அக்காவுக்கோ டீச்சர் மேலிருந்த கோபம் தணியவில்லை. டீச்சரின் 'குட் ஆஃப்டர்நூன்'க்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மற்றவர்கள் வாயைத் திறக்கும் முன்பே இங்கிலீஷில் பேசத் தொடங்கினாள்.