அறுபத்து மூன்றும் சும்மா இருந்தன

காலை பதினொரு மணிக்கு முந்நூறு பேர் விளையாட்டுக்குள் வந்தார்கள். பதினொன்று ஐந்துக்கெல்லாம் ஆட்டம் இழுக்க ஆரம்பித்ததைச் சின்னவள் பார்த்துவிட்டாள்.

அவளும் அக்காவும் சேர்ந்து நடத்தும் கம்பெனி அது. பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். இரண்டு மேசை, ஒரு ஏசி, மூலையில் புதிதாக வாங்கிய ஒரு சர்வர், அவ்வளவுதான். எங்கெங்கோ உட்கார்ந்து ஆன்லைனில் கோட்டை பிடிக்கிறவர்களுக்கு அந்த சர்வர்தான் போர்க்களம். இதற்காகப் பதினைந்து வருட டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்தவள் அக்கா. இன்றைய இறுதிப்போட்டி ஒழுங்காக நடந்தால்தான் அடுத்த வருடப் போட்டிகளும் இவர்களுக்கு. சொதப்பினால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

"ஏன்டி எல்லாரும் திக்கித் திக்கி நடக்குறாங்க?" என்றாள் அக்கா.

சின்னவளுக்குக் காரணம் தெரியும். யார் முதலில் அடித்தார், யார் விழுந்தார் என்பதை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்குப் போட முடியும். பிராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிகளை கோர் என்பார்கள்; அந்த வேலையை அதில் ஒன்றே ஒன்றுதான் செய்யும். பழைய மெஷினில் இருந்தது எட்டு கோர், ஒவ்வொன்றும் பறக்கும். புதியதில் அறுபத்து நான்கு, ஒவ்வொன்றும் மந்தம். எண்ணிக்கையைப் பார்த்து வாயைப் பிளந்து, இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் இவளேதான். இப்போது ஒன்று மட்டும் மூச்சு வாங்க, மிச்சம் அறுபத்து மூன்றும் விருந்துக்கு வந்த மாப்பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

வேகத்தை ஏற்றிப் பார்த்தாள். பிராசஸர் தன் உச்சவரம்பைத் தொட்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் இம்மியும் ஏறவில்லை. ஒரு சுற்றுக் கணக்கு ஐம்பது மில்லிசெகண்டில் முடிய வேண்டும். திரையில் நூற்று நாற்பது என்று காட்டியது.

சோதிக்காமலா விட்டாள்? போன வாரம் முந்நூறு பொம்மை வீரர்களை உள்ளே இறக்கிப் பார்த்தாள். ஜம்மென்று ஓடியது. ஆனால் மகராசி, பொம்மைகளை நின்ற இடத்திலேயே நிற்க வைத்துவிட்டாள். சும்மா நிற்கிறவனுக்கு என்ன பெரிய கணக்கு? இன்று முந்நூறு பேரும் ஒரே கோட்டை வாசலில் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

"நெட் லைன்ல ஏதாவது கோளாறா?"

"அப்படித்தான் இருக்கும்க்கா." யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. சொன்னதும் மூச்சு கொஞ்சம் சீரானது, அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அக்கா விடுவாளா? லைன் பார்க்கிறவருக்கு உடனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "என்ன வேலை பாக்குறீங்க நீங்க? இன்னைக்கு எவ்வளவு முக்கியமான நாள் தெரியுமா? உங்க ஆபீசுக்கே பேசுறேன்."



"மேடம், காலையில கீழ பெட்டியில ஒரு ஒயரத் தொட்டேன்," என்றது குரல். "என் தப்பாத்தான் இருக்கும். ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே ஒரு தடவ என் மேல கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்துட்டாங்க, இன்னொண்ணுன்னா வேலை போயிடும். இதோ ஓடி வர்றேன்."

சின்னவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"லைன்ல ஒண்ணுமில்லக்கா," என்றாள். "மெஷினைத் தப்பா எடுத்துட்டேன். சரியா டெஸ்ட் பண்ணல. அவர் மேல தப்பில்ல."

அக்கா போனில், "நீங்க வர வேண்டாம்ண்ணே, மன்னிச்சுக்கோங்க," என்று சொல்லி வைத்தாள். கத்துவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். கத்தவில்லை. நடந்ததை முழுக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அதற்குள் சலித்துப்போய் வெளியேறியவர்கள் போக, திரையில் முந்நூறு இருநூற்றுப் பத்தாகியிருந்தது.

"அந்த பொம்மைங்கள நடக்க விட்டுப் பாத்திருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"



"அஞ்சு நிமிஷம்க்கா."