நாற்பத்திரண்டு கிலோ

தஸ்தகீரின் உடம்பிலிருந்த சதையெல்லாம் எங்கே போனதோ, அது அல்லாவுக்குத்தான் வெளிச்சம். ஆனால் எடை மட்டும் போகவில்லை. காரிமங்கலத்தில் சந்தை கூடும் நாளில், அப்துல் கனியின் புளி மண்டித் தராசில் ஏற்றி நிறுத்தினால் நாற்பத்திரண்டு கிலோ. ஐந்து வாரமாக அதே நாற்பத்திரண்டு.

அவன் மனைவி அமீருன்னிசாவுக்கு முதல் மூன்று வாரம் அந்த எண் தேனாக இனித்தது. பம்பாய் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் பேதியும் காய்ச்சலுமாக வந்து விழுந்தபோது, ரத்தத்தை மெட்ராசுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எண்பத்தெட்டாம் வருஷம் அது. எய்ட்ஸ் என்ற பேரை ஜில்லாவில் பத்துப் பேர் கேட்டிருந்தால் அதிகம். தருமபுரி டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இதுக்கு மருந்து இன்னும் நம்ம பக்கம் வரலம்மா. எது தொண்டையில எறங்குதோ அத நல்லா ஆக்கிப் போடுங்க. எடை நாப்பதுக்குக் கீழ போவாம பாத்துக்குங்க. போச்சுன்னா உடம்பு தாங்காது."

அமீருன்னிசா பிடித்துக்கொண்டது அந்த நாற்பதை மட்டும்தான். நாற்பதுக்கு மேலே நின்றால் புருஷன் இருப்பான், கீழே போனால் போய்விடுவான். ஆட்டுக்கால் வேகவைத்தாள், பருப்பைக் கடைந்து நெய் ஊற்றிக் களியோடு ஊட்டினாள், தான் தின்றாளா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. சந்தை நாளில் அவனை டயர் வண்டியில் உட்காரவைத்து மண்டிக்கு அழைத்துப் போவாள். கீழே இரும்புப் பலகை, எதிரே ஒரு தூண், தூணின் தலையில் எண் போட்ட தண்டு, அதில் நகர்த்துகிற குண்டு. தண்டு மட்டமாக நின்றால் எடை சரி. அவளுக்கு எண் படிக்கத் தெரியும், தண்டு மட்டமாக நிற்பதும் கண்ணுக்குத் தெரியும். இதில் ஏமாற என்ன இருக்கிறது!

எடை போடுகிறவன் பச்சியப்பன். தஸ்தகீர் குடித்த டம்ளரைத் தொட ஊரே பயந்தபோது, "ஏறுங்க பாய்" என்று கையைப் பிடித்துப் பலகைமேல் ஏற்றிவிட்டவன் அவன் ஒருவன்தான்.

நாலாவது வாரம்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. குளிக்கவைக்கப் புருஷனைத் தூக்கினாள். மாசாமாசம் கேழ்வரகு மூட்டையைத் தூக்கி உள்ளே வைப்பவள் அவள். இருபத்தைந்து கிலோ மூட்டைக்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. கையில் காய்ந்த துணிமூட்டை போல இருந்தான். கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. மூன்று சுற்றுச் சுற்றினாலும் லுங்கி இடுப்பில் நிற்கவில்லை.

இவ்வளவுதான் இவர் என்றால், தராசில் மிச்சம் நிற்பது யார்?

அந்தக் கேள்வி வந்த பிறகு வீட்டில் எதுவுமே பழைய மாதிரி இல்லை. அவன் புரண்டால் கட்டில் ஓர் ஆள் கூடப் படுத்ததுபோல் முனகியது. ஊட்டிய சோற்றைப் பாதியில் நிறுத்தி, தன் இடது தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் உச்சி வெயிலில், கதவெல்லாம் திறந்திருக்கும்போதே சொன்னான்.

"அமீரு, நெஞ்சு மேல யாரோ குந்தியிருக்காங்க. எறங்கச் சொல்லேன்."

அவள் பக்கத்து வீட்டு ஜான் பீயிடம் போய் அழுதாள். ஜான் பீ தொட்டில் குழந்தைகளுக்குக் கயிறு மந்திரித்துக் கட்டுகிறவள். வாசலில் நின்றே எட்டிப் பார்த்துவிட்டு, முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவன்கூட இன்னொண்ணு இருக்குது. நீ ஆக்கிப்போடறதெல்லாம் அதுக்குத்தான் போவுது. அவன் தேயறான், அது கனக்குது."

மீதியை அமீருன்னிசாவே யோசித்தாள். அதுதான் கொடுமை. சோறு போட்டால் அது வளர்கிறது; சோற்றை நிறுத்தினால் இறங்கி ஓடித்தானே ஆகவேண்டும்? ஷைத்தானுக்கு நோன்பு ஆகாது என்பது சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததுதானே?

"மூணு நாள் நோன்புன்னு நெனச்சுக்குங்க," என்று அவன் தலையைத் தடவினாள். "நாலாம் நாள் ராஜா மாதிரி சாப்புடலாம்."

முதல் நாள் அவன் சரியென்று தலையாட்டினான். இரண்டாம் நாள் கஞ்சி கேட்டான். ஓதிய தண்ணீரால் உதட்டை நனைத்துவிட்டு, அடுப்படியில் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். "ஒரு வாய் குடு அமீரு" என்ற குரல் பின்னாலேயே வந்தது. குரல் அவனுடையதுபோலவே இல்லை. அதனாலேயே அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். கேட்பது அவரில்லை, அது என்று சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் அவன் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் சந்தை. மண்டியில் புளி மூட்டைகளுக்கு நடுவே அவனைப் பலகைமேல் உட்காரத்தான் வைக்க முடிந்தது. பச்சியப்பன் வழக்கம்போலத் தூணை ஒட்டி நின்று தண்டைச் சரிசெய்தான். தண்டு மெல்ல எழுந்து மட்டமாக நின்றது.

"நாப்பத்திரண்டும்மா. அப்படியே கீறாரு."

அமீருன்னிசா போட்ட சத்தத்தில் மண்டியே திரும்பிப் பார்த்தது.

"இன்னும் எறங்கலையா! மூணு நாளா பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் குடுக்கலையே! பட்டினி போட்டுமா உக்காந்திருக்குது, பாவி!"

"என்னாது? பட்டினியா?" என்றான் பச்சியப்பன். அவன் முகம் வெளுத்துவிட்டது. அதே நேரம் தண்டு 'டக்'கென்று கீழே விழுந்தது.

அவள் பாய்ந்து போய்த் தானே குண்டை நகர்த்தி நகர்த்தி நிறுத்தினாள். முப்பத்துமூன்று.

அந்த ஒரு நிமிஷம் அவளைப்போல் சந்தோஷப்பட்டவள் உலகத்தில் இல்லை. "எறங்கிடுச்சு! அல்லா, எறங்கிடுச்சு!" என்று புருஷனின் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டாள். முப்பத்துமூன்று நாற்பதுக்குக் கீழே என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"எதுவும் எறங்கலம்மா." பச்சியப்பன் மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நான்தான் கால எடுத்தேன். மூட்ட சந்துல பலகைய மிதிச்சிக்கிட்டு நின்னது நான்தான். நாப்பதுக்குக் கீழ போனா தாங்காதுன்னு நீங்க அழுதீங்க. மனசு கேக்கல. வாராவாரம் அமுக்கிக் காட்டினேன். இப்பிடி ஆவும்னு சத்தியமா தெரியாதும்மா."

வியாபாரியை ஏமாற்றப் பழகின கால் அது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்லதுக்கு வைத்தான், அது இப்படி முடிந்தது.

அவள் கனி பாய் வீட்டிலிருந்து கஞ்சி வாங்கி, பலகைமேல் வைத்தே புருஷனுக்குக் கரண்டியால் ஊட்டினாள். இரண்டு கரண்டி இறங்கியது, மூன்றாவது கடைவாயில் வழிந்தது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தான். வியாதி கொண்டுபோனதா, தன் நோன்பு கொண்டுபோனதா என்று அவள் டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் என்ன சொல்லியிருப்பார்? அழுவதற்குக்கூடத் தனக்குத் தகுதியில்லை என்று நினைத்து, வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள்.

புருஷன் போனதற்கு நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டாமல் இத்தா இருந்து முடித்து, தருமபுரிக்குப் போய்த் தன் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தாள். முடிவு வந்த வாரம் சந்தைக்கு வந்தவள் நேராக மண்டிக்குள் நுழைந்தாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது. அவளுக்கும் அதே வியாதிதான் என்று பச்சியப்பனுக்குப் புரிந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் ஏறி நின்றாள்.

"அண்ணா, தள்ளி நின்னு பாருங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

அவன் குண்டை நகர்த்தி வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றான். கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

"நாப்பத்தாறும்மா."

"செரிங்க. அடுத்த சந்தைக்கும் வரேன்."

வெளியே வந்து, சந்தையில் முட்டை விற்றுக்கொண்டிருந்த குள்ளம்மாளிடம் ஒரு டஜன் கேட்டாள்.

"யாருக்கும்மா இத்தினி? வூட்ல தனியாத்தான இருக்கற?"

"எனக்குத்தான்," என்றாள் அமீருன்னிசா.