வெட்டிய மூன்று சொற்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை ஆசைப்பட்டு எழுதவில்லை, பயந்துபோய் எழுதுகிறேன். வியாழக்கிழமைக்குள் எப்படியாவது முடித்தாக வேண்டும். இன்று திங்கள்.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். முப்பது வருஷமாக அடுத்தவர் எழுத்தில் ஒற்று விட்டுப்போனதைப் பிடித்துப் பிழைக்கிறேன். எங்கள் சபை மாதாமாதம் ஒரு சிறு புத்தகம் போடுகிறது, நாளுக்கு ஒரு பக்கத் தியானம். ஒன்பது வருஷமாக அதை எழுதுவதும் நான்தான், திருத்துவதும் நான்தான். கள்ளன் கையிலேயே சாவி.

பக்கத்துக்குப் பத்தொன்பது வரி. அடியில் கட்டம் கட்டி ஒரு வாக்குத்தத்த வசனம். போன மாதம் ஒரு பக்கம் இருபது வரிக்குப் போய்விட்டது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, ஏசி பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கூடு கட்டிக்கொண்டிருந்த சிட்டுக்குருவியைப் பற்றிய பக்கம் அது. என் சொந்த வரிகளில் ஒன்றைக் குறைத்திருக்கலாம். ஆனால் எல்லாமே எனக்கு அழகாகத் தெரிந்தன. அதனால் வசனத்தில் கை வைத்தேன்.

குருவி தரையில் விழுவது பற்றிய வசனம். பிதாவின் சித்தம் இல்லாமல் விழாது என்பது அதன் சாரம். நடுவிலிருந்த அந்த மூன்று சொற்களை எடுத்தேன். தமிழில் வினை கடைசியில் வருவதால் யாருக்கும் எதுவும் உறுத்தாது. கட்டத்துக்குள் மிஞ்சியது இதுதான்: குருவி விழாது.

2

கதையை எப்படித் தொடங்குவது? இதுவரை எழுதி அடித்தவை:

“காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—”

(வேண்டாம். இந்தப் பொற்கரங்களை நான் எத்தனை பேர் பக்கத்தில் அடித்திருப்பேன்!)

“அவருக்கு நாற்பத்தாறு வயது. மார்பில் ஒரு கட்டி—”

(ஒரு மனுஷியை அவர் வியாதியிலிருந்தா அறிமுகப்படுத்துவது? ஆஸ்பத்திரிச் சீட்டா இது?)

“தையல்காரம்மா கையில் கத்தரிக்கோல் இருக்கும்வரை பேசமாட்டார். கீழே வைத்தால் நிறுத்தமாட்டார்.”

இது இருக்கட்டும். இது உண்மை.

3

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் அவர் கடை. ஒரு மெஷின், ஒரு மேஜை, பின்னால் அவர் குடியிருக்கும் ஒற்றை அறை. கணவர் போய்ப் பல வருஷம், மகள் கல்யாணமாகி வேறு ஊரில். கடை ஷட்டருக்கு எண்ணெய் போட்டு எத்தனை காலமோ, ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரே கூச்சல்தான் போடும். சபையில் எங்களுக்கு முன் வரிசையில் உட்காருவார். என் மனைவிக்கு அவர் அளவெடுக்காமலே ரவிக்கை தைப்பார்.

புத்தகம் வந்த மறுநாள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எங்கள் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தார்.

“அண்ணே, இது நிஜக் குருவியா, எழுத்துக் குருவியா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “நிஜம்தான்மா. வந்து பாருங்க.”

மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைப்பக் குச்சியில் கட்டி ஜன்னல் வழியாக நீட்டினால் கூட்டின் உள்ளே தெரியும். நான் எழுதியபோது அது வைக்கோல் சுமந்துகொண்டிருந்தது. அச்சாகி வருவதற்குள் மூன்று முட்டை. தையல்காரம்மா கண்ணாடியை ஆட்டாமல் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஊசியில் நூல் கோக்கிற கை, ஆடாது. பிறகு திரும்பாமலே சொன்னார்.

“மார்புல ஒரு கட்டிண்ணே. எடுத்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு தடவ தேதி குடுத்தாரு, ரெண்டு தடவையும் போகல.”

“ஐயோ, இதையெல்லாம் தள்ளிப் போடக் கூடாதும்மா!”

“இந்தத் தடவ போறேன். அடுத்த மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை. அதுக்குள்ள இது மூணும் பொரிஞ்சு, ஒண்ணும் விழாம இருந்தா போறேன். விழாதுன்னுதானே போட்டிருக்கீங்க?”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ‘அம்மா, அது முழு வசனம் இல்லை, இடம் பத்தவில்லை என்று நான்தான் வெட்டினேன்’ என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: “காபி குடிக்கிறீங்களா?”

அன்று சாயங்காலம் கடை வழியாக வந்தபோது பார்த்தேன். அந்தப் பக்கம் மெஷினுக்கு நேர் மேலே சுவரில் குண்டூசி குத்தித் தொங்கியது.

4

(இந்தப் பகுதி கதையில் சேராது. அவசரமிருந்தால் தாண்டிப் போங்கள்.)

நான் தியானம் எழுதும் விதத்தைச் சொல்கிறேன். காலையில் வேதத்தில் ஓர் அதிகாரம். பிறகு வேறு ஏதாவது புத்தகத்தில் பத்துப் பக்கம். பிறகு ஜன்னல். மூன்றும் எங்காவது ஒன்றையொன்று தொடும், தொட்ட இடத்தில் எழுதுவேன். எறும்பு, மழை, உதிர்ந்த இலை, எதிர்வீட்டு மாடியில் காயும் துணி. ஏதாவது ஒன்று கைகொடுக்காத நாளே இல்லை. அந்த அரைமணி நேரம் இல்லாவிட்டால் என் நாள் விடியாது. இதை நான் பொய்யாகச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்பது வருஷத்தில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எறும்பைப் பார்க்கும்போதே அதன் கடைசி வரி மனதில் ஓடும். எறும்பு வீடு போய்ச் சேர்ந்ததா என்று நின்று பார்த்ததில்லை. அதற்கு முன்பே பத்தொன்பது வரி முடிந்திருக்கும்.*

* ஒருமுறை ‘அவர் தாங்குவார்’ என்பது ‘அவர் தூங்குவார்’ என்று அச்சாகி வந்தது. இயந்திரத்தை நிறுத்தி மாற்ற வைத்தேன். ஓர் எழுத்துக்காக ஊரையே கூட்டியவன், மூன்று சொற்களைச் சத்தமில்லாமல் எடுத்திருக்கிறேன்.

5

என் மனைவி கணக்கு டீச்சர். கூடு வந்த நாளிலிருந்து ஏசி போடக் கூடாது என்று நான் உத்தரவு போட்டிருந்தேன். அவளுக்குக் குருவி மேல் கோபமில்லை, என் மேல்தான்.

“குருவி குளுகுளுன்னு இருக்கு, நான் வெந்து சாகறேன். இதையும் ஒரு பக்கம் எழுதுங்களேன்!”

தையல்காரம்மா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“எவ்வளவு நாள் கூடப் பழகறோம், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. சரி, நீங்க வெட்டினத சொல்லிட்டீங்களா?”

“சொல்லணும்.”

“சொல்லிட்டீங்களான்னு கேட்டேன்.”

முட்டைகள் பொரிந்தன. மூன்றும். நான் அச்சகத்துக்குக் கிளம்புவதற்கு முன், தினமும் பதினொரு மணிக்குத் தையல்காரம்மா வந்து கண்ணாடியில் எண்ணுவார். மூன்று மஞ்சள் வாய். எண்ணி முடித்ததும் அவர் முகத்தில் வருவது சந்தோஷமில்லை, வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அதனால் ‘அவர் புன்னகைத்தார்’ என்று எழுதி, அடித்துவிட்டேன்.

6

இன்று காலை ஆறரை மணிக்குக் கண்ணாடியை நீட்டினேன். இரண்டு வாய்.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன். அப்புறம் எட்டிப் பார்த்தேன். கீழே முதல் மாடி சன்ஷேடில் கிடந்தது. இறகு பாதி முளைத்த உடம்பு. எறும்பு வந்துவிட்டது. நான் பக்கம் பக்கமாகப் புகழ்ந்த அதே எறும்பு.

கீழ்வீட்டில் கேட்டு, அவர்கள் ஜன்னல் வழியாகக் கை நீட்டி எடுத்தேன். மெய்ப்புத் தாளில் சுற்றி, பால்கனியில் துளசிக்கும் ரோஜாவுக்கும் நடுவே உள்ள காலித் தொட்டியில் புதைத்தேன். மூடிய மண்ணை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரு குருவிக்குஞ்சுக்கா இவ்வளவு என்று கேட்காதீர்கள். குஞ்சுக்கு இல்லை.

பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

“தாய்க்குருவி இன்னைக்கு ரொம்ப மிரண்டு போயிருக்கும்மா. தொந்தரவு பண்ண வேணாம்.”

“அப்படியா? சரிண்ணே. நாளைக்கு வரேன்.”

படியிறங்கும் சத்தம் தேயும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் வெட்டினேன், இப்போது ஒட்டுப்போடுகிறேன்.

7

செவ்வாய். அவர் வருவதற்குள் அச்சகத்துக்கு ஓடிவிட்டேன். பின்படி வழியாக.

வேலைக்கு நடுவே முடிவுகளை எழுதிப் பார்த்தேன். போன வாரம் செல்போனில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, மூன்று வாயும் தெரியும். அதைக் காட்டினால் போதும், வியாழக்கிழமை போய்விடுவார். உயிர் பிழைப்பார். பொய் ஓர் உயிரைக் காப்பாற்றும் என்றால்— (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.) பிறகு என்றாவது அவரே அந்தத் தொட்டியில் செடி நட வந்து மண்ணைக் கிளறினால்?

உண்மையைச் சொல்லும் முடிவையும் எழுதினேன். அதில் அவர் சுவரிலிருந்து பக்கத்தைக் கழற்றி, நாலாக மடித்து என்னிடம் தருகிறார். “பரவால்லண்ணே” என்கிறார். வியாழக்கிழமை மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. அடுத்த வருஷம் கேட்கவில்லை. அதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன்.

இன்னொன்றும் கையைப் பிடித்து இழுத்தது. டாக்டர் மறுபடி படம் எடுக்கிறார், கட்டியைக் காணோம், எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். அது நடக்காது என்று சொல்ல நான் யார்? ஆனால் என் பேனா அதை நடத்திவைக்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு வசனத்தைக் கொண்டு ஒருமுறை நடத்திப் பார்த்தாயிற்று.

சாயங்காலம் மனைவி எல்லாவற்றையும் வாங்கிப் படித்தாள். சிவப்பு மையைத் தேடாமல் அவள் படித்தது இதுதான் முதல் தடவை.

“கீழ போய்ச் சொல்லுங்க. ரெண்டு மாடிதான்.”

“வாய் வரமாட்டேங்குது.”

“வாய்தானே வரல. இதையே குடுங்க.”

8

புதன், பதினொரு மணி. தையல்காரம்மா எங்கள் சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து இந்தக் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறார். விரலை வரிக்கு அடியில் ஓட்டி, உதடு அசைத்து. அவர் நான்காம் பகுதியில் இருக்கிறார். நான் எட்டாம் பகுதியை எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்தால் இதயம் நின்றுவிடும் போலிருக்கிறது.

‘தூங்குவார்’ என்ற இடத்தில் சிரித்தார்.

“எனக்கு நாப்பத்தஞ்சுதான். நாப்பத்தாறுன்னு யார் சொன்னா?”

“மாத்திடறேன்மா.”

(மாற்றவில்லை. மறந்துபோனேன்.)

ஆறாம் பகுதி. விரல் நின்றது. நகரவே இல்லை. சமையலறையில் மனைவி குழாயை மூடினாள்.

பிறகு அவர் ஏழையும் விடாமல் படித்தார். தாள்களை மேஜையில் தட்டி ஓரம் சேர்த்தார்.

“அண்ணே, அந்த வசனத்த எட்டு வயசுல ஞாயிறு பள்ளியில ஒப்பிச்சுப் பரிசு வாங்கினேன். ஒரு பென்சில் டப்பா. நீங்க மூணு வார்த்தைய வெட்டிட்டா எனக்குத் தெரியாமப் போயிடுமா?”

“அப்போ ஏன்மா...”

“வெட்டினது எனக்கு வசதியா இருந்துச்சு.” தாள் ஓரத்தை மறுபடி தட்டினார். “எந்தக் குருவிக்கு மூணும் பொழச்சிருக்கு? ஒண்ணாவது போகும்னு எனக்குத் தெரியும். போனா நானும் போக வேணாம். கேக்கறவங்ககிட்ட வசனத்தக் காட்டலாம், உங்களக் காட்டலாம். மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்க மாட்டேனோன்னு பயம்ணே. அவ்வளவுதான். விழட்டும்னுதான் தினம் வந்து எண்ணினேன்.”

ஐந்தாம் பகுதியில் நான் எழுதத் தெரியாமல் விட்ட முகம் அதுதான்.

“இப்போ விழுந்துடுச்சு. நிம்மதியா இருக்கணும்ல? இல்லண்ணே. பாவம், அது என்ன பண்ணுச்சு.” மனைவி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் அழுததை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

தொட்டியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தார். சுவரிலிருந்து கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் பக்கத்தை மேஜையில் விரித்தார். என் பென்சிலை வாங்கி, கட்டத்துக்குள் கூரை போல ஒரு குறி போட்டு, மேலே அந்த மூன்று சொற்களை எழுதினார். குறி ஒரு சொல் தள்ளிப் போய்விட்டது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பிழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

“கடைசிப் பக்கம் எங்க?”

“இன்னும் எழுதல.”

“எழுதாதீங்க. நாளைக்கு ஏழு மணிக்குக் கீழ வந்து நில்லுங்க, நீங்களும் அண்ணியும். பையோட வந்தேன்னா கூட வாங்க. வரலன்னா ஷட்டரத் தட்டாதீங்க. ஜெபிச்சுக்கோங்க, ஆனா சத்தமா வேணாம். எனக்குக் கேக்கும்.”

9

வியாழன். ஆறு ஐம்பது. மனைவி இன்றும் லீவு போட்டுவிட்டாள். பிளாஸ்க்கில் வெந்நீர், ஒரு போர்வை, என் சட்டைப்பையில் டாக்டரின் விலாசம். எல்லாம் தயார்.

கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன். இரண்டு வாய். ஒன்று கூட்டின் விளிம்புக்கு வந்து, கீழே பார்த்துக்கொண்டு நிற்கிறது. பறக்கப் போகிறதா, விழப் போகிறதா? கடைசி வரி மனதில் ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மிச்சத்தை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும், எனக்கு அனுமதி இல்லை. பத்தொன்பது வரி வேண்டாம், ஒரு வரி போதும். இடம் பத்தாவிட்டால் உங்கள் வரியை வெட்டுங்கள், அந்த மூன்று சொற்களைத் தொடாதீர்கள். அவற்றை வைத்துக்கொண்டு எழுதுவது கஷ்டம். பிதாவின் சித்தம் இதுதான் என்று நம்மால் எழுதிக் காட்ட முடியாது.

“எழுதினது போதும், எந்திரிங்க!” என்கிறாள் மனைவி.

கீழே ஷட்டர் கூச்சலிடுகிறது. கடை திறக்கிறாரா, பூட்டிக்கொண்டு கிளம்புகிறாரா? இங்கிருந்து தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறேன்.